எண்பதாயிரத்துக்கு ஒருமுறை

கம்பெனியிலிருந்து சுற்றறிக்கை, எட்டுப் பக்கம்.
கோணவட்டத்துக் காற்றில் பறக்காமலிருக்க
பதினேழாம் நம்பர் ஸ்பேனரை மேலே வைத்துப் படித்தேன்.

ஆயில் சம்ப் நாலு லிட்டர் பெரிதாகிறது.
ஃபில்டர் ஒன்றல்ல, இரண்டு.
டேப்பெட் மூடியை
மூன்று லட்சம் ஓடும்வரை திறக்கவே வேண்டாம்.
நாற்பதாயிரத்தில் மாற்றிய ஆயிலை
இனி எண்பதாயிரத்தில் மாற்றினால் போதும்.

நல்லதுதான்.
முழங்கை வரை வழியும் கறுப்பு
வருஷத்தில் பாதியாகக் குறையும்.

நிமிர்ந்தால் சுவரில் சாக்பீஸ் கணக்கு:
சிகாமணி, எண்ணூறு, அடுத்த ஆயிலுக்கு.

அடுத்த ஆயில் என்பது எங்களுக்குள் ஒரு தேதி.
அவனுக்கு ஆடிக்கிருத்திகை, எனக்கு ரம்ஜான்,
இருவருக்கும் பொதுவாக நாற்பதாயிரம்.
எந்த ஊரிலோ குளிர்ந்த அறையில் ஒருவர்
அதை அப்படியே தள்ளி வைத்துவிட்டார்.
ஒரு கடன் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று
எட்டுப் பக்கத்தில் எங்கும் இல்லை.

ஆனால் வண்டி முன்னாலேயே வந்துவிட்டது.
எண்பதாயிரத்துக்கு இன்னும் ஐம்பத்தோராயிரம் பாக்கி.
பள்ளிகொண்டா டோல்கேட்டிலிருந்து
இருபதிலேயே ஊர்ந்து வந்திருக்கிறான்,
டிராக்டர்கள்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போனதாம்.
ஓசூர் லோடு, ராணிப்பேட்டையில் இறக்கணும்.
"இன்னாமோ மஞ்ச லைட்டு எரியுது பாய்,
நா ஒண்ணுமே பண்ல."

லேப்டாப்பைச் சொருகினேன்.
யூரியா முப்பத்திரண்டரை இருக்க வேண்டும்.
பத்தொன்பது இருந்தது.
நாசிலைக் கழற்றினால்
மண்டியில் உப்புத் தடவிப் போட்ட ஆட்டுத்தோல் மாதிரி
வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"தண்ணி ஊத்துனியா?"
"சத்தியமா இல்ல பாய்."

திரையில் பதினொன்றாம் தேதி,
நள்ளிரவு தாண்டி இரண்டு பதினேழு,
ஓடிய தூரம், அப்போதைய வேகம், வெளி வெப்பம்.
முன்பெல்லாம் இஞ்சினைக் கேட்டால் சத்தம்தான் சொல்லும்.
இப்போது மணி சொல்கிறது.
திரையை அவன் பக்கம் திருப்பவில்லை.

டேங்கை வடித்து, கழுவி, புதிதாக ஊற்றிவிட்டு
புகைக்கூட்டில் அடைந்த கரியை எரிக்க விட்டேன்.
அரை மணி நேரம் யாரும் தொடாமல்
வண்டி தானே உறுமும்,
தகரக் கூரை அதிரும்,
பக்கத்துப் பஞ்சர் கடைக்காரன் திட்டுவான்.
அந்த இரைச்சலில்தான் சொன்னான்,
எனக்குக் கேட்காது என்று நினைத்தோ என்னவோ:

"கிருஷ்ணகிரி தாண்டி லைட்டு வந்துச்சு.
ரெண்டு பங்க்ல யூரியா இல்ல.
விடியறதுக்குள்ள சேரலன்னா
பேட்டால கை வெப்பாரு ஓனரு.
டீக்கடைல கேன் தண்ணி இருந்துச்சு.
தண்ணி மாதிரிதான கீது அதுவும்?"

பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது.
அதில் பொய்யில்லை.

ரிப்போர்ட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
ராணிப்பேட்டை முதலாளி முதலில் பார்ப்பது அதைத்தான்.
'நாசில் அடைப்பு' என்று எழுதினேன்.
அதிலும் பொய்யில்லை.
கோடை அழித்தேன்.
அழித்த நேரத்தையும் அந்தப் பெட்டி
எங்கோ குறித்துக்கொண்டிருக்கும், என் பெயரோடு.
கேட்கிற அன்று பார்த்துக்கொள்ளலாம்.

சிகாமணி சட்டைப் பையில் துழாவி
ஐந்நூறு நீட்டினான், வியர்வையில் நனைந்த நோட்டு.
"மீதி முந்நூறு அடுத்த ஆயிலுக்கு, பாய்."

"எண்பதாயிரம்யா அது.
அடுத்த யூரியாவுக்குக் குடு."

ஆயிரத்துக்கும் ஆயிரத்தைந்நூறுக்கும் நடுவே
ஏதோ ஒரு கிலோமீட்டரில் அந்த டேங்க் காலியாகும்.
சிரித்தபடி ஏறினான்.
சத்துவாச்சாரி மேம்பாலத்தில்
அறுபதைத் தொட்டதும் போன் பண்ணினான்,
"போவுது பாய், போவுது."

சுவரில் எட்டை மூன்றாகத் திருத்தினேன்,
ஆயிலை அடித்து யூரியா என்று எழுதினேன்.
சாயங்காலம் பத்து கேனுக்கு ஆர்டர் சொன்னேன்.
வெயில் படாத மூலைதான் இந்த ஊரில்
இன்னும் கிடைக்கவில்லை.